கம்யூனிசத்துக்குப் பிந்தைய ஜனநாயகத்தை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எப்படிப் போவது

போலந்தில் 1989 ஜூன் 4 அன்று நடந்த தேர்தல் ஐரோப்பாவின் வரலாற்றையே திருப்பிப் போட்டது. கீழவையின் 35 விழுக்காடு இடங்களுக்கு மட்டுமே எதிரணி போட்டியிடலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த இடங்கள் அத்தனையையும், மேலவையின் 100 இடங்களில் 99-ஐயும் சாலிடாரிட்டி தொழிற்சங்க அணி பிடித்தது. அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 63 விழுக்காடு. 34 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 15 அன்று அதே நாட்டில் நடந்த தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 74 விழுக்காடு.

விடுதலை வாசலுக்கு வந்த நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்கள் ஏன் வீட்டிலேயே இருந்தார்கள்? இடைப்பட்ட காலத்தில், இந்த நாட்டு மக்களுக்குப் பொதுக்காரியங்களில் ஈடுபாடு குறைவு என்று எத்தனையோ ஆய்வுகள் எழுதிவிட்டன. அப்படியென்றால் 2023-ல் நள்ளிரவு தாண்டியும் வாக்குச்சாவடி வாசலில் நின்றவர்கள் யார்? இந்தக் கேள்வி உங்களை உறுத்தினால், இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இந்தத் துறையில் அடிக்கடி வரும் சொல் குடிமைச் சமூகம். அரசாங்கம், வியாபாரம், குடும்பம் மூன்றுக்கும் வெளியே மக்கள் தாங்களாகச் சேர்ந்து இயங்கும் இடம் எல்லாம் இதில் அடங்கும். தொழிற்சங்கம், தேவாலயக் குழு, சுற்றுச்சூழல் அமைப்பு, குடியிருப்போர் சங்கம், ஒரு வாரம் மட்டும் கூடிக் கலைந்த போராட்டக் குழு, எல்லாமே. கட்சி ஒன்றே எல்லாச் சங்கங்களையும் நடத்திய நாடுகளில் இந்த இடம் எப்படி உருவானது, பிறகு ஜனநாயகத்தைத் தாங்கியதா, சில இடங்களில் அதைக் கெடுக்கவும் உதவியதா என்பதுதான் நம் துறையின் வேலை.

என் அழுத்தமான கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு, அதன் மொழி, அதில் ஓர் ஊர். இந்த மூன்றும் முதலில். கோட்பாடு அப்புறம். தலைநகரில் இருந்துகொண்டு, ஆங்கிலம் பேசும் தொண்டு நிறுவன இயக்குநர்களை மட்டும் பார்த்துவிட்டு எழுதியதால்தான் இந்தத் துறையின் பல முடிவுகள் பின்னால் பொய்த்துப் போயின.

நாட்டைத் தேர்ந்தெடுப்பது

‘கிழக்கு ஐரோப்பாவை ஆய்வு செய்யப் போகிறேன்’ என்று சொன்னால், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம். செக் குடியரசும் கிர்கிஸ்தானும் ஒரே அலமாரியில் வைக்கப்பட்டவை என்றாலும் இரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு.

2004 மே 1 அன்று முன்னாள் கம்யூனிச நாடுகள் 8 ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன: போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா. இங்கே ஆவணக் காப்பகங்கள் திறந்திருக்கின்றன, புள்ளிவிவரம் கிடைக்கிறது, போய்வருவதும் எளிது. ஆனால் போலந்தைப் பற்றியும் ஹங்கேரியைப் பற்றியும் எழுதுகிறவர்கள் ஏராளம். 2007-ல் சேர்ந்த ருமேனியா, பல்கேரியா பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. 2017 பிப்ரவரியில் ஊழல் குற்றங்களுக்குத் தண்டனையைத் தளர்த்திய ஓர் அவசரச் சட்டத்துக்கு எதிராக, கொட்டும் பனியில் லட்சக்கணக்கான ருமேனியர்கள் தெருவுக்கு வந்தார்கள். அது பற்றியே இன்னும் எழுத நிறைய இருக்கிறது.

ரஷ்யாவும் பெலாரஸும் இப்போதைக்கு நேரடிக் கள ஆய்வுக்கு உகந்தவை இல்லை. ஸ்டாலின் காலக் கொடுமைகளை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பைக் கலைக்கும்படி 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் மெமோரியலும் ஒன்று. அங்கே நீங்கள் பேட்டி எடுத்தால் ஆபத்து உங்களைவிடப் பேசியவருக்குத்தான் அதிகம். இந்த இரு நாடுகளையும் ஆய்வு செய்கிறவர்கள் இன்று வில்னியஸ், வார்சா, பெர்லின், திபிலிசி போன்ற நகரங்களில் வாழும் அகதிகளையும் நாடு கடந்தவர்களையும் சந்தித்துத்தான் வேலை செய்கிறார்கள்.

யாரும் அதிகம் கவனிக்காத ஒரு நாட்டையும் சொல்கிறேன்: மங்கோலியா. 1989 குளிர்காலத்தில் உலான்பாத்தரில் தொடங்கிய போராட்டத்தால் 1990 மார்ச்சில் கட்சித் தலைமையே பதவி விலகியது, ஜூலையில் பல கட்சித் தேர்தல் நடந்தது. ரத்தம் சிந்தாமல் நடந்த இந்த மாற்றத்தை மொழி கற்று ஆய்வு செய்தவர்கள் உலகம் முழுக்கவே சிலர்தான். ஓர் இளம் ஆய்வாளர் சில ஆண்டுகளில் பெயர் சொல்லும்படி வர முடிகிற களம் அது.

மொழி: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே மொழியைத் தொடங்கிவிடுங்கள். முனைவர் பட்டத்தில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் மொழிபெயர்ப்பாளரை நம்பிப் பேட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டியின் நடுவே ஒருவர் குரல் தாழ்த்தி, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும்போது அங்கேதான் விஷயம் இருக்கும். மொழிபெயர்ப்பில் அது வராது.

இந்தியாவிலேயே இதற்கு வழிகள் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய, ஃபின்னோ-உக்ரிய மொழிகள் துறையில் ரஷ்ய மொழியோடு போலிஷ், செக், ஹங்கேரியன் போன்றவற்றையும் கற்றுத்தருகிறார்கள். ஜே.என்.யு.வில் ரஷ்ய மொழிக்குத் தனி மையம் இருக்கிறது. சென்னையில் ஆழ்வார்பேட்டை ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் ரஷ்ய மொழி படிக்கிறார்கள். அடிப்படை வந்தபின் ஒரு கோடைக்காலத்தை அந்த நாட்டிலேயே கழிப்பது நல்லது. ஹங்கேரியின் தெப்ரெசென் நகரில் 1927 முதல் கோடைப் பள்ளி நடக்கிறது. கிராக்கோவின் யாகியெலோனியப் பல்கலைக்கழகமும் பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகமும் இதேபோன்ற பள்ளிகளை நடத்துகின்றன. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கோடைகால மொழிப் பயிற்சிக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலான பெயர் உண்டு.

ஹங்கேரியனைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். தமிழ் பேசுகிறவர் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லோடு பன்மையும் வேற்றுமையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் முறை நமக்குப் பழக்கமானது. சொற்கள்தான் அடியோடு புதியவை.

ரஷ்ய மொழி தெரிந்தால் மத்திய ஆசியா முழுக்கச் சமாளிக்கலாம் என்பது ஓரளவு உண்மை. ஆனால் 2022-க்குப் பிறகு உக்ரைனில் ரஷ்ய மொழியில் பேட்டி தொடங்குவதே ஒரு நிலைப்பாட்டைச் சொல்வதுபோல் ஆகிவிடும். பால்டிக் நாடுகளிலும் இதில் கவனம் தேவை. முதல் ஐந்து நிமிடமாவது உள்ளூர் மொழியில் பேச முடிய வேண்டும், அப்புறம் எந்த மொழியில் தொடர்வது என்பதை எதிரே இருப்பவர் முடிவு செய்யட்டும்.

தினமும் செய்ய ஒரு பயிற்சி: நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரின் உள்ளூர்ச் செய்தித்தாளில் நகராட்சிப் பக்கத்தைப் படியுங்கள். தேசிய அரசியலை விட்டுவிடுங்கள். பேருந்து நிலையம் இடிப்பு, பள்ளிக்கூடம் மூடல், குப்பைக் கிடங்கு எதிர்ப்பு. மொழியும் வரும், ஆய்வுக் கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.

எதைப் படிப்பது

புத்தகப் பட்டியலை எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்ல விரும்புவது படிக்கும் வரிசையை. முதலில் நீங்கள் எடுத்த நாட்டின் 1945 முதல் இன்று வரையிலான வரலாறு ஒன்று. அடுத்தது அந்த நாட்டின் எதிர்ப்பாளர்கள் தாங்களே எழுதியவை: 1977 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் வெளியான மனித உரிமை அறிக்கையான சாசனம் 77, வாஸ்லாவ் ஹாவெலின் கட்டுரைகள், போலந்தின் ஆடம் மிஹ்னிக், ஹங்கேரியின் ஜார்ஜ் கொன்ராட். அரசை நேரடியாகக் கவிழ்க்க முடியாத நிலையில், அதற்கு வெளியே ஒரு சமூகத்தைக் கட்டலாம் என்று இவர்கள் யோசித்ததை அவர்கள் குரலிலேயே கேட்ட பிறகுதான் பேராசிரியர்களின் விவாதத்துக்குள் போக வேண்டும்.

அந்த விவாதத்தின் மையத்தில் ஒரு முரண் இருக்கிறது. 1981 வாக்கில் சாலிடாரிட்டிக்கு ஏறத்தாழ ஒரு கோடி உறுப்பினர்கள் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில், ஆட்சி கைக்கு வந்தபின், அந்தக் கூட்டம் எங்கே போனது? அமெரிக்க அரசியலறிஞர் மார்க் மோர்ஜே ஹோவர்ட் 2003-ல் இதற்கு மூன்று காரணம் சொன்னார். கம்யூனிச ஆட்சியில் எல்லோரையும் கட்டாயமாகச் சங்கங்களில் சேர்த்ததால் ‘சங்கம்’ என்றாலே மக்களுக்கு வெறுப்பு. பற்றாக்குறைக் காலத்தில் வேலையை முடித்துக்கொடுத்த நண்பர் வட்டாரமே போதும் என்ற பழக்கம். 1989-ல் வைத்த நம்பிக்கை பொய்த்ததால் வந்த சலிப்பு. மக்கள் கருத்துக் கணிப்புகளில் எத்தனை சங்கங்களில் உறுப்பினர் என்று கேட்டு, அந்த எண்ணிக்கை மற்ற நாடுகளைவிடக் குறைவு என்று காட்டினார்.

இதற்குக் கொஞ்சம் முன்பே கிஷெகோஷ் எக்கியெர்ட்டும் யான் குபிக்கும் வேறு வழியில் போயிருந்தார்கள். 1989 முதல் 1993 வரையிலான போலந்துச் செய்தித்தாள்களை எடுத்து, வேலைநிறுத்தம், ஊர்வலம், முற்றுகை என்று ஒவ்வொரு போராட்டத்தையும் பதிவு செய்தார்கள். அவர்கள் கண்டது அலுத்துப்போன சமூகத்தை இல்லை. கலகம் செய்கிற, ஆனால் ஜனநாயகத்தைக் கவிழ்க்க முயலாத சமூகத்தை. பிறகு ட்ஸ்வெட்டா பெட்ரோவாவும் சிட்னி டாரோவும் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: உறுப்பினர் கூட்டம் குறைவாக இருந்தாலும், அமைப்புகள் ஒன்றோடொன்றும் அரசோடும் பேசிக் காரியம் சாதிக்கும் திறன் இந்நாடுகளில் கணிசமாக இருக்கிறது.

மூன்று தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நாடுகளைத்தான் பார்த்தார்கள். எதை அளந்தார்களோ அதற்கேற்ப முடிவு வந்தது. புதிதாக வருகிறவர் இந்த ஒரு விவாதத்தை மட்டும் நிதானமாக, மூலக் கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டவணை அட்டவணையாகப் படித்தால் போதும். ஒரு பருவப் பாடத்துக்கு ஈடு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பக்கம் உண்டு. குடிமைச் சமூகம் வலுவானால் ஜனநாயகம் வலுவாகும் என்ற நம்பிக்கையோடுதான் பலர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். ஹங்கேரியைப் பாருங்கள். 1988-ல் இளைஞர் அமைப்பாகப் பிறந்த ஃபிடெஸ், கம்யூனிச ஆட்சிக்கு எதிரான குடிமைச் சமூகத்தின் செல்லப்பிள்ளை. 2002 தேர்தலில் தோற்றதும், அதுவரை பிரதமராக இருந்த ஃபிடெஸின் விக்டர் ஓர்பன் ஆதரவாளர்களைக் கட்சி அலுவலகத்துக்கு அழைக்கவில்லை. ஊர் ஊராகக் ‘குடிமை வட்டங்கள்’ அமைக்கச் சொன்னார். ஆயிரக்கணக்கில் அமைந்தன. இசை நிகழ்ச்சி, வரலாற்றுச் சொற்பொழிவு, தேவாலய விழா, தொண்டு என்று அவை ஆண்டுக்கணக்கில் இயங்கின. 2010-ல் ஓர்பன் பெரும் வெற்றியோடு திரும்பி வந்ததற்கும், அரசியலமைப்பையே மாற்றி எழுதியதற்கும் பின்னால் இந்த அடித்தளம் இருந்ததை பேலா கிரெஷ்கோவிட்ஸ் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த வட்டங்களில் இருந்தவர்கள் உற்சாகமான, பொதுநல எண்ணம் கொண்ட, அக்கம்பக்கத்தாரை நேசித்த மனிதர்கள். பாடநூல் சொல்லும் நல்ல குடிமக்களின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறவர்கள். இதைக் கண்டு மனம் சங்கடப்பட வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தாண்டி ஓடாமல் அதிலேயே நின்று யோசிக்கிறவர்தான் இந்தத் துறைக்குத் தேவை.

இன்னொன்று, உள்ளூர் அறிஞர்களைப் படியுங்கள், மேற்கோள் காட்டுங்கள். போலந்திலும் ருமேனியாவிலும் இருக்கிற பேராசிரியர்களைத் தகவல் தருகிறவர்களாகவும், அமெரிக்காவில் இருக்கிறவர்களைக் கோட்பாடு செய்கிறவர்களாகவும் நடத்தும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. இந்தியாவைப் பற்றி வெளியில் இருந்து எழுதுகிறவர்களிடம் நமக்கு இருக்கும் அதே வருத்தம் அவர்களுக்கும் இருக்கிறது.

கேள்வியைச் சுருக்குவது

‘ஸ்லோவாக்கியாவில் ஜனநாயகமும் குடிமைச் சமூகமும்’ என்பது தலைப்பு, கேள்வி இல்லை. இதே நாட்டை வைத்துக் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று காட்டுகிறேன்.

1990-களில் விளாதிமிர் மெச்சியாரின் ஆட்சி எதேச்சாதிகாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1998 தேர்தலுக்கு முன் தொண்டு அமைப்புகள் ஒன்றுகூடி ‘ஓகே 98’ என்ற பிரச்சாரத்தைத் தொடங்கின. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்காமல், முதல் முறை வாக்காளர்களைத் தேடிப் போனார்கள். ஊர்தோறும் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். வாக்குப்பதிவு 84 விழுக்காடு. மெச்சியாரின் கட்சியே அதிக ஓட்டு வாங்கியது, ஆனால் கூட்டணி சேர ஆள் கிடைக்காமல் ஆட்சியை இழந்தது. இந்த உத்தி அடுத்து குரோஷியாவுக்கும், 2000-ல் அன்றைய ஆட்சியாளர் மிலோஷெவிச்சுக்கு எதிராக செர்பியாவுக்கும் பயணம் செய்ததை வேலரி பன்ஸும் ஷாரன் வோல்ச்சிக்கும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2018-ல் பத்திரிகையாளர் யான் குட்சியாக்கும் அவரது வருங்கால மனைவியும் கொலை செய்யப்பட்டபோது மீண்டும் தெருக்கள் நிரம்பின, பிரதமர் ராபர்ட் ஃபிட்ஸோ பதவி விலகினார்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா என்ற நகருக்குள் போங்கள். 2013-ல் அந்த மாநிலத்தின் ஆளுநராகத் தீவிர வலதுசாரியான மரியன் கோட்லெபாவை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். நான்கே ஆண்டில், 2017-ல், அவரைத் தோற்கடித்தார்கள். அந்த நான்கு ஆண்டில் அங்கே இயங்கிய குழுக்களில் 1998 பிரச்சாரத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? புதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பள்ளிகளில் யார் பேசினார்கள்? இப்போது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் மூன்று ஆண்டில் விடை தேடி முடிக்கக்கூடிய அளவிலும் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து வருகிற ஒருவர் தனக்கே உரிய கேள்வியையும் கொண்டுவரலாம். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளை ரஷ்யா 2012-ல் ‘வெளிநாட்டு முகவர்’ என்று பதிவு செய்யச் சொன்னது. ஹங்கேரி 2017-ல் இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தது, ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றது. ஜார்ஜியா 2024-ல் பெரும் போராட்டங்களுக்கு நடுவே ஒன்றை நிறைவேற்றியது. நமக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 1976-லிருந்தே இருக்கிறது, 2010-ல் புதிதாக எழுதப்பட்டு 2020-ல் மேலும் இறுக்கப்பட்டது. ரஷ்யா சட்டம் இயற்றிய அதே 2012-ல், ரஷ்யத் தொழில்நுட்பத்தில் எழுந்த கூடங்குளம் அணு உலைக்கு எதிரான இடிந்தகரை மக்களின் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஒரு நேர்காணலில் சொன்னார். ஜனநாயகமும் எதேச்சாதிகாரமும் ஒரே மாதிரிச் சொற்களில் பேசும் இந்த இடத்தை, கூடங்குளத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர் புடாபெஸ்ட்டில் வளர்ந்தவரைவிடக் கூர்மையாகப் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

படிப்பும் பணமும்

முதுகலைக்கு என் முதல் பரிந்துரை எராஸ்மஸ் முண்டுஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகள். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய, ரஷ்ய, யூரேசிய ஆய்வுப் படிப்பு இந்தத் துறைக்கென்றே இருப்பது. இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம், மொழியும் பாடத்திலேயே உண்டு. லண்டனில் எஸ்.எஸ்.இ.இ.எஸ். என்ற ஸ்லாவிய, கிழக்கு ஐரோப்பிய ஆய்வுப் பள்ளி, எஸ்டோனியாவின் தார்த்து, வியன்னாவின் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஆகியவையும் நல்ல இடங்கள். கடைசியாகச் சொன்னது 1991-ல் தொடங்கி புடாபெஸ்ட்டில் இயங்கியது. 2017-ல் ஹங்கேரி அரசு அதற்கென்றே எழுதியதுபோல ஒரு சட்டம் கொண்டுவந்ததால் 2019-ல் வியன்னாவுக்கு இடம் மாறியது. ஆய்வுத்துறையின் பாடப்பொருள் அந்தத் துறையின் வளாகத்துக்குள்ளேயே நடந்த கதை அது.

ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும், ஜெர்மனியின் டாட், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு ஆகிய உதவித்தொகைகளுக்கு இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம். கல்விக்கடன் வாங்கி லட்சங்களைக் கட்டி இந்தப் படிப்பைப் படிக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். வேலை கிடைக்கும் வேகமும் சம்பளமும் அந்தக் கடனைத் தாங்காது. நிதி கிடைக்காவிட்டால் ஓர் ஆண்டு மொழி படித்துக்கொண்டே மறுபடி விண்ணப்பியுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளில் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலையாகவே இடம் தருகிறார்கள். அமெரிக்காவில் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், ஆனால் மொழிக்கும் ஆய்வு முறைகளுக்கும் நேரம் கிடைக்கும். இந்தியாவில் படிக்க நினைத்தால் ஜே.என்.யு.வின் ரஷ்ய, மத்திய ஆசிய ஆய்வு மையமும் ஐரோப்பிய ஆய்வு மையமும் முதலில் பார்க்க வேண்டியவை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘ரெஸ்பெக்டட் சார், நான் இந்தத் துறையில் மிகுந்த ஆர்வம் கொண்டவன்’ என்று தொடங்கும் கடிதத்துக்குப் பதில் வருவதில்லை. ஐந்தே வாக்கியம் போதும். பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவில் 2013-க்கும் 2017-க்கும் இடையே இயங்கிய குழுக்களை ஆய்வு செய்ய விரும்புகிறேன். உங்கள் இந்தக் கட்டுரையில் நீங்கள் சொன்ன இந்த முடிவு சிறு நகரங்களுக்குப் பொருந்துமா என்பது என் சந்தேகம். ஸ்லோவாக் மொழி இந்த அளவுக்குத் தெரியும். இந்த ஆண்டு இந்த நிதிக்கு விண்ணப்பிக்கிறேன். என் முதுகலை ஆய்வேட்டை இணைத்திருக்கிறேன். அவ்வளவுதான். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதில் தவறில்லை.

காப்பகத்திலும் களத்திலும்

புடாபெஸ்ட்டின் திறந்த சமூக ஆவணக் காப்பகத்தில் கம்யூனிச நாடுகளுக்கு ஒலிபரப்பிய அமெரிக்க நிதியிலான வானொலி ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் ஆய்வுப் பிரிவு பல பத்தாண்டுகள் சேர்த்த பொருள்கள் இருக்கின்றன. அங்கே வந்து வேலை செய்ய விசெகிராட் நிதியம் உதவித்தொகை தருகிறது. பிராகில் லிப்ரி ப்ரொஹிபித்தி என்ற நூலகம் தட்டச்சு செய்து கைமாறிய தடைசெய்யப்பட்ட நூல்களைப் பாதுகாக்கிறது. ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு பெரிய தொகுப்பு உண்டு.

ரகசியப் போலீஸ் கோப்புகள் தனி ரகம். கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை அடுக்கி வைத்தால் 111 கிலோமீட்டர் நீளும். கடைசி வாரங்களில் கையாலேயே கிழித்துப் போட்ட காகிதங்கள் ஆயிரக்கணக்கான மூட்டைகளில் இன்னும் இருக்கின்றன. கோப்பைத் திறந்ததும் உண்மை கையில் கிடைத்துவிட்டதுபோல ஒரு பரபரப்பு வரும். பொறுமையாக இருங்கள். தகவல் சொன்னவர் தன் மேலதிகாரியைத் திருப்திப்படுத்த எழுதியிருப்பார். அதிகாரி தன் ஆண்டு இலக்குக்காகச் சேர்த்திருப்பார். ஒரு தேவாலயக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்ததாகக் கோப்பு சொன்னால், அந்தத் தேவாலயத்தின் பதிவேடும் வந்தவர்களின் நினைவும் என்ன சொல்கின்றன என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயர் கோப்பில் வந்தால், உங்கள் அடிக்குறிப்பு அவர் குடும்பத்தையே உலுக்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பேட்டியில் ‘குடிமைச் சமூகத்தின் நிலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்கவே வேண்டாம். நிதி தருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்தான் வரும். முதல் கூட்டம் எங்கே நடந்தது என்று கேளுங்கள். அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது? வாடகை யார் கொடுத்தது? எத்தனை பேர் வந்தார்கள், இரண்டாவது கூட்டத்துக்கு யார் வரவில்லை, ஏன்? துண்டறிக்கையை எங்கே அச்சடித்தீர்கள்? இப்படிக் கேட்டால் பேசுகிறவரே எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய புகைப்படத்தையும் ரசீதையும் எடுத்துவருவார். எந்தக் காப்பகத்திலும் இல்லாதது அது. பேட்டிக்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, பேசுகிறவரின் ஒப்புதல், பெயரை மறைக்கும் ஏற்பாடு, குரல் பதிவைப் பூட்டிவைக்கும் முறை நான்கும் தயாராக இருக்க வேண்டும்.

எண்களுக்கு, நாடுகளின் ஜனநாயகத்தை அளக்கும் வி-டெம் தரவுத்தொகுப்பு, ஃப்ரீடம் ஹவுஸின் மாறிவரும் நாடுகள் பற்றிய அறிக்கை, 2002 முதல் நடக்கும் ஐரோப்பியச் சமூகக் கணிப்பு ஆகியவை எல்லோரும் பயன்படுத்துபவை. அதிகம் பயன்படுத்தப்படாத ஒன்றைச் சொல்கிறேன். ஹங்கேரியில் 1996 முதல் ஒருவர் தன் வருமான வரியில் 1 விழுக்காட்டைத் தனக்குப் பிடித்த அமைப்புக்குத் திருப்பிவிடலாம். ஸ்லோவாக்கியாவும் போலந்தும் இதைப் பின்பற்றின. எந்த அமைப்புக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் வெளியாகிறது. விலங்குக் காப்பகத்துக்கு எவ்வளவு, நோயுற்ற குழந்தைகளின் அறக்கட்டளைக்கு எவ்வளவு, மனித உரிமை அமைப்புக்கு எவ்வளவு என்று ஓர் ஊரை எடுத்து ஆண்டுவாரியாகப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் சங்கங்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். இறந்துபோன சங்கங்களும் அதில் இருக்கும்.

வெளியிடுவதும் வேலை தேடுவதும்

முதல் கட்டுரையை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்திலிருந்து எடுங்கள். யூரோப்-ஏசியா ஸ்டடீஸ், ஈஸ்ட் யூரோப்பியன் பாலிட்டிக்ஸ், டெமாக்ரடைசேஷன், வோலுண்டாஸ் போன்ற இதழ்கள் நம் துறைக்கானவை. ஒருமுறை திருப்பி அனுப்பினால் விமர்சனக் குறிப்புகளை வைத்துத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள், ஆண்டுக்கணக்காகலாம். காசு வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் அழைப்புகளைத் திறக்கவே வேண்டாம். மாநாடுகளில், ஐரோப்பிய அரசியல் ஆய்வாளர்களின் கூட்டமைப்பான ஈ.சி.பி.ஆர். நடத்தும் கூட்டு அமர்வுகள் இளையவர்களுக்கு ஏற்றவை. சின்னக் குழுவாகச் சில நாட்கள் உட்கார்ந்து ஒவ்வொருவரின் கட்டுரையையும் அலசுவார்கள்.

வேலை விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ‘ஸ்லோவாக்கியக் குடிமைச் சமூக நிபுணர் தேவை’ என்று எந்தப் பல்கலைக்கழகமும் விளம்பரம் தராது. ‘ஒப்பீட்டு அரசியல்’ என்றுதான் வரும், அதற்கு இருநூறு முந்நூறு பேர் விண்ணப்பிப்பார்கள். ஆகவே முனைவர் பட்டக் காலத்திலேயே புள்ளியியல் மென்பொருள் ஒன்றையாவது கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். ஆர் மென்பொருள் இலவசம். சமூக இயக்கங்கள், சட்டம், தேர்தல் போன்ற ஏதாவதொரு பொதுப் பாடத்தை நடத்தவும் தயாராக இருங்கள். பட்டம் முடித்தபின் இரண்டு மூன்று தற்காலிக ஆய்வுப் பதவிகள், ஒவ்வொன்றுக்கும் ஊர் மாற்றம் என்பது வழக்கமாகிவிட்டது. திருமணம், பெற்றோர் உடல்நிலை போன்றவற்றை வீட்டில் முன்கூட்டியே பேசிவையுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே தேர்தல் கண்காணிப்பு, மனித உரிமை ஆவணப்படுத்தல், கொள்கை ஆய்வு மையங்கள் ஆகியவற்றில் மொழி தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. அதுவும் இதே வேலையின் தொடர்ச்சிதான்.

கடைசியாக நாட்காட்டி. ஜூலையில் மொழி வகுப்பில் சேருங்கள், செப்டம்பருக்குள் நாட்டையும் ஊரையும் முடிவு செய்துவிடலாம். அக்டோபரில் நெறியாளர்களுக்கு மின்னஞ்சல், பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு மாத அவகாசத்தோடு தகவல். எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளுக்குப் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள்ளும், ஸ்டிபெண்டியம் ஹங்காரிகுமுக்கு வழக்கமாக ஜனவரி நடுவிலும் விண்ணப்பம் முடியும். கோடை மொழிப் பள்ளிகளின் உதவித்தொகைக்கு பிப்ரவரியிலிருந்தே அறிவிப்பு வரத் தொடங்கும். பாஸ்போர்ட்டையும் பட்டச் சான்றிதழ்களின் அட்டெஸ்டேஷனையும் அதற்கு முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.